துளையிட்ட ஒலிப்பெட்டி: ஆய்வுக்கூடத்திலிருந்து காரின் டிக்கி வரை

காரின் டிக்கியில் பொருத்தப்படும் சப்வூஃபர் பெட்டி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் பலகைகளை ஒட்டி, வட்டமாக ஒரு துளை அறுத்து, அதில் பெரிய ஒலிபெருக்கி ஒன்றை இறக்கிவைத்த எளிய தச்சுவேலையாகவே தோன்றும். ஆனால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் இரண்டாவது துளைக்கும், அதிலிருந்து பெட்டிக்குள் நீளும் குழாய்க்கும் பின்னால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் ஆராய்ச்சி இருக்கிறது. அந்த வரலாற்றின் முதல் முப்பதாண்டுகளில் துளையிட்ட பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருந்ததே தவிர, குறிப்பிட்ட ஓர் ஒலிபெருக்கிக்கு அதை எப்படி அளவெடுத்துச் செய்வது என்பது தெரியவில்லை. அந்த வழி புலப்பட்டபோது, அதைக் கண்டறிந்தவர்கள் மனத்தில் கொண்டிருந்தது வீட்டுக் கூடத்தையே. ஓடும் வாகனம் அவர்கள் கணக்கில் இடம்பெறவில்லை. அப்படியிருந்தும், பொறியியல் படிப்பை எட்டிப்பார்க்காத பட்டறைக் கைகளுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுசேர்த்ததில் வாகனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒலிபெருக்கியின் கூம்பு என்பது, காந்த இடைவெளியில் ஆடும் கம்பிச்சுருளோடு ஒட்டப்பட்ட காகிதப் பரப்பு. அது முன்னே நகரும்போது முன்புறக் காற்றை அழுத்துகிறது, அதே கணத்தில் பின்புறக் காற்றைத் தளர்த்துகிறது. ஆகவே முன்னும் பின்னும் பிறக்கும் அலைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. உச்ச ஒலிகளில் இது பெரிய இடையூறாகாது. ஆனால் நொடிக்கு 40 அதிர்வு, அதாவது 40 ஹெர்ட்ஸ் கொண்ட மந்தர ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீட்டர் என்பதால், ஒரு சாண் அகலமே உள்ள கூம்பின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு பின்னலை முன்னலையோடு கலந்து அதை அழித்துவிடுகிறது. இந்த அழிவைத் தடுப்பதற்குத்தான் பெட்டி. முழுவதும் மூடிய பெட்டி பின்னலையைச் சிறைவைத்து வீணாக்குகிறது. துளையிட்ட பெட்டியோ அந்தப் பின்னலையைக் குழாய்க் காற்றின் வழியே திசைமாற்றி, முன்னலைக்குத் துணையாக வெளியே அனுப்புகிறது.

இதன் அடிப்படை ஒலிபெருக்கி பிறப்பதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863இல் வெளிவந்த தம் ஒலியுணர்வு நூலில், கழுத்துள்ள உள்ளீடற்ற கோளங்களைக் காதில் பொருத்திக் கலப்பொலியின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்கும் முறையை விவரித்தார். கோளத்துக்குள் அடைபட்ட காற்று சுருள்வில்லைப் போல் நெகிழ்கிறது; கழுத்திலுள்ள காற்று அந்த வில்லின் நுனியில் தொங்கும் எடையைப் போல் ஆடுகிறது; இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு சுருதியில் மட்டும் வலுவாக அதிர்கின்றன. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அடியொலியை மாற்றுவதில் செயல்படுவதும் இதே விதிதான். கழுத்தின் வாய் அகன்றால் சுருதி ஏறும். கழுத்து நீண்டாலோ, உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவு கூடினாலோ சுருதி இறங்கும். பிற்காலத்தில் கார்ப் பெட்டி செய்பவர்கள் குழாயை நீட்டியதும் குறைத்ததும் இந்த விதிக்கு உட்பட்டுத்தான்.

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் 1925இல் வெளியிட்ட ஆய்வுரையே, ஊதுகுழல் இல்லாமல் கூம்பு நேரடியாகக் காற்றை ஆட்டும் ஒலிபெருக்கிக்கு உறுதியான அடித்தளம் அமைத்தது. அதுவரை மெல்லிய ஒலியை நீண்ட கொம்புகளால் பெரிதாக்கிய தொழிலில், பெட்டிக்கென்று தனியொரு பணி அப்போதுதான் உருவாயிற்று. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் துராஸ், தம் சக ஊழியர் எட்வர்ட் வென்டேயோடு சேர்ந்து பேசும்படங்களுக்கான கொம்பு ஒலிபெருக்கிகளை உருவாக்கியவர். கொம்பின் தொண்டையில் அடைபடும் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதை நன்கறிந்திருந்த அவர், 1930 ஆகஸ்டில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1932 ஜூலையில் அதைப் பெற்றார். கூம்பின் பின்னாலுள்ள காற்றறையையும் அதிலிருந்து வெளியே திறக்கும் வழியையும் தக்கவாறு அளவமைத்தால், தாழ்ந்த அதிர்வெண்களில் அந்த வழியிலுள்ள காற்று கூம்போடு ஒத்திசைந்து ஒலியைக் கூட்டும் என்பதே அந்த ஆவணத்தின் சாரம். இன்றைய துளையிட்ட பெட்டிகள் அனைத்துக்கும் மூல ஆவணம் அதுவே. 1930களின் பிற்பகுதியில் சிகாகோவின் ஜென்சன் நிறுவனம் இந்த அமைப்பை பாஸ் ரிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது.

கொள்கை தெளிவாக இருந்தும் அதன் பிறகு வந்த பெட்டிகள் பலவும் ஏமாற்றமே அளித்தன. ஒரு பெட்டியைச் செய்து முடித்தபின் துளையை ஓர் அட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பார்த்து, காதுக்கு உகந்த இடத்தில் நிறுத்துவதே பெரும்பாலோரின் வழியாக இருந்தது. ஒலிபெருக்கியின் காந்த வலிமை, கூம்பின் எடை, அதன் விளிம்பைப் பிடித்திருக்கும் வளையத்தின் நெகிழ்ச்சி ஆகிய மூன்றும் பெட்டிக் காற்றோடு கலந்தே வேலை செய்கின்றன என்பதால், ஓர் ஒலிபெருக்கிக்குப் பொருந்திய பெட்டி இன்னொன்றில் ஒரே சுரத்தில் உறுமியது. பாட்டில் எந்தச் சுரம் வந்தாலும் பெட்டி தன் சுரத்தையே திருப்பிச் சொன்னது என்ற குறை அக்காலத்தில் நியாயமானதே. எட்கர் வில்சூர், ஹென்றி கிளாஸ் ஆகியோர் 1954இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் பெயரில் கொண்டுவந்த மூடிய சிறு பெட்டி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு மென்மையான வில்லாகப் பயன்படுத்தி, பீரோ அளவிலான பழைய பெட்டிகளுக்கு நிகரான மந்தரத்தை அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து வரவழைத்தது. சில ஆண்டுகளில் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்து, ஒரு பெட்டிக்குப் பதிலாக இரண்டு தேவைப்பட்டபோது, வீடுகளில் சிறிய மூடிய பெட்டியின் பக்கம் காற்று வீசியதில் வியப்பில்லை. துளையிட்ட பெட்டி மதிப்பிழந்ததற்குக் காரணம் அதன் இயல்பில் இருந்த குறையன்று. அதை அளக்கத் தெரியாதிருந்ததே.

அந்தக் குறையைத் தீர்த்த ஆய்வுரை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எழுதப்படவில்லை. பிரிஸ்பேனில் பிறந்த நெவில் தீல், ஆஸ்திரேலிய இஎம்ஐ நிறுவனத்தில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் மின்சுற்று வடிவமைப்பில் ஈடுபட்டிருந்த பொறியாளர். மின்சுற்றுகளில் வேண்டாத அதிர்வெண்களை ஒதுக்கும் வடிகட்டிகளின் கணிதம் அவருக்கு அன்றாடப் பழக்கம். துளையிட்ட பெட்டியில் இருக்கும் ஒலிபெருக்கியும், தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் நான்காம் படி மின்வடிகட்டியும் கணிதத்தில் ஒன்றே என்பதை அவர் தெளிவுபடுத்தினார். வடிகட்டிகளுக்கு ஏற்கெனவே அச்சில் இருந்த அட்டவணைகள் அப்படியே பெட்டிக்கும் பயன்படும் என்பது இதன் விளைவு. 1961 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் வெளிவந்த அவருடைய உரையில், எந்த ஒலிபெருக்கிக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எந்தச் சுருதி என்று சொல்லும் 28 பொருத்தங்கள் அட்டவணையாக இருந்தன. உலகின் மையப் பத்திரிகைகளுக்கு எட்டாத ஓர் இதழில் வந்ததால், அந்த உரை பத்தாண்டுகள் பெரும்பாலோர் கண்ணில் படாமலேயே கிடந்தது.

இதற்குள், சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்மால், தீலின் வழியைப் பின்பற்றி அதை விரித்துரைக்கத் தொடங்கினார். 1971 மே, ஜூன் மாதங்களில் ஆடியோ பொறியியல் கழகத்தின் இதழ் தீலின் உரையை மறுபதிப்புச் செய்தது. அதைத் தொடர்ந்து 1972, 1973 ஆண்டுகளில் மூடிய பெட்டி குறித்தும் துளையிட்ட பெட்டி குறித்தும் ஸ்மாலின் தொடர் கட்டுரைகள் அதே இதழில் வெளிவந்தன. இன்று தீல்-ஸ்மால் அளவுகள் என வழங்கும் எண்கள் இவ்விருவரின் கொடை. அவற்றுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, பெட்டியில் இடாமல் காற்றில் தொங்கவிட்ட ஒலிபெருக்கி தானாக அதிரும் அதிர்வெண். இரண்டாவது, அதன் கூம்பைப் பிடித்திருக்கும் நெகிழ்ச்சிக்குச் சமமான நெகிழ்ச்சியை உடைய காற்றின் கொள்ளளவு. இது லிட்டரில் சொல்லப்படும். மூன்றாவது, ஆட்டம் தொடங்கியபின் அது எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் காட்டும் கியூ என்ற எண். காந்தம் வலுவானதாயின் இந்த எண் சிறியதாகும். தீலின் அட்டவணையில் மிகப் புகழ்பெற்ற பொருத்தத்தில் கியூ 0.38 அளவிலும், பெட்டியின் கொள்ளளவு இரண்டாம் எண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடாகவும், துளையின் சுருதி முதல் எண்ணுக்குச் சமமாகவும் இருக்கும். இந்த மூன்று எண்களையும் ஒரு மின்தடை, ஒரு மின்னழுத்தமானி, அதிர்வெண் மாற்றத்தக்க ஓர் ஒலிமூலம், கொள்ளளவு தெரிந்த ஒரு சோதனைப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு எவரும் அளந்துவிடலாம். ஆய்வுக்கூடச் சொத்தாக இருந்த அறிவு பட்டறைக்குள் நுழைய வழிதிறந்தது இந்த எளிமைதான். இரு பொறியாளர்களின் கணித நுட்பத்தைவிட, அளப்பதற்கு எளிதான எண்களையே அவர்கள் தேர்ந்துகொண்டார்கள் என்பது பெரிய செயல்.

காருக்குள் ஒலி புகுந்த கதை வேறொரு திசையிலிருந்து வந்தது. சிகாகோவின் கால்வின் நிறுவனம் 1930இல் மோட்டரோலா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வானொலி முதல், நெடுங்காலம் வாகன ஒலி என்பது பேச்சும் மெல்லிசையும் கேட்க உதவும் ஒரு வசதி மட்டுமே. வெற்றிடக் குழல்களை ஓட்டத் தேவையான உயர் மின்னழுத்தத்தை மின்கலத்திலிருந்து வருவிப்பதே அப்போதைய தலைவலி. 1950களின் நடுவில் டிரான்சிஸ்டர் அந்தச் சுமையைக் குறைத்தது. ஃபோர்டு நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாடல்களில் எட்டுத்தட நாடாக் கருவியை அளித்ததும், அதன் பின் கேசட் பரவியதும், கேட்பவர் தாம் விரும்பிய இசையைத் தாமே தேர்ந்து ஓட்டும் நிலையை உண்டாக்கின. பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் முட்டை வடிவ ஒலிபெருக்கிகளைப் பதித்து, டிக்கி முழுவதையும் பெட்டியாகப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். தட்டின் ஓட்டைகளும் இருக்கை இடுக்குகளும் பின்னலையை முன்னே கசியவிட்டதால் மந்தரம் அங்கே மெலிந்தே கேட்டது.

மின்கலம் விதித்த வரம்பு இதைவிடக் கடுமையானது. இயந்திரம் ஓடும்போது கார் மின்சுற்றில் 14.4 வோல்ட் அளவே கிடைக்கும். அதை நேரடியாகப் பயன்படுத்தும் எளிய ஆம்ப்ளிஃபையர் 4 ஓம் ஒலிபெருக்கிக்குக் கோட்பாட்டளவிலேயே ஏறத்தாழ 6.5 வாட்டுக்கு மேல் தரமுடியாது. இரண்டைப் பாலமாக இணைத்தாலும் 26 வாட் தாண்டாது. மந்தர ஒலிக்கோ பல மடங்கு ஆற்றல் வேண்டும். மின்கலத்தின் மின்னழுத்தத்தை வேகமாக விட்டுவிட்டு இயங்கும் மின்மாற்றியால் உயர்த்திக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபையர்கள் வந்தபின்தான் இந்தச் சுவர் உடைந்தது. அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் 1973இல் தொடங்கிய நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அதே 1973இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் என்னும் சிற்றூரில் ஸ்டீவ் இர்பி தொடங்கிய நிறுவனம், 1980இல் கார்களுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் என்றே அளவெடுத்த ஒலிப்பெட்டியைக் கிக்கர் என்ற பெயரில் கொண்டுவந்தது. டிக்கியே இல்லாத பிக்கப் வண்டியில் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் ஒடுங்கிய இடமே பெட்டிக்குக் கிடைத்ததால், பெட்டியைத் தனிப் பொருளாகச் சிந்திப்பது அங்கே தவிர்க்கமுடியாததாயிற்று.

வீட்டுக் கூடத்துக்கென்று வகுத்த கணக்கு வாகனத்துக்குள் வந்தபோது அதன் அடித்தளங்களில் ஒன்று அசைந்தது. அறையில் தாழ்ந்த ஒலி நாற்புறமும் பரவிச் செல்கிறது. காரின் உட்கூடமோ அலைநீளத்தைவிடச் சிறியது. கூடத்தின் நீளம் 2.75 மீட்டர் என்றால், அலைநீளத்தில் பாதி அதற்குச் சமமாகும் அதிர்வெண் ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒலி அலையாகப் பரவுவது நின்று, கூடத்திலுள்ள காற்று முழுவதும் ஒருசேர அழுந்தியும் தளர்ந்தும் நடந்துகொள்கிறது. இதனால் ஒரு ஸ்தாயி கீழிறங்கும்தோறும், அதாவது அதிர்வெண் பாதியாகும்தோறும், ஒலியழுத்தம் கோட்பாட்டளவில் 12 டெசிபெல் கூடுகிறது. கதவு இடுக்குகளின் கசிவும் கூரைத் தகட்டின் நெளிவும் உண்மையில் இதைக் குறைத்துவிட்டாலும், எஞ்சியதே பெருங்கொடை. மூடிய பெட்டியின் ஒலி, தன் எல்லைக்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வீதம் சரிவது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து சமனான மந்தரம் கிடைக்கும். துளையிட்ட பெட்டியோ 24 டெசிபெல் வீதம் சரிவது. தீலின் அட்டவணையில் சமனாக இருக்கவேண்டிய பொருத்தம், காரில் துளையின் சுருதியை ஒட்டி மேடிட்டுக் காட்டும்.

அப்படியிருக்க, வாகனத்தில் மூடிய பெட்டியே முற்றும் வென்றிருக்கவேண்டும் என்று எண்ண இடமுண்டு. சமனான ஒலியை நாடியவர்கள் அதைத்தான் தேர்ந்தார்கள். துளையிட்ட பெட்டி வாகனத்தில் வேரூன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஒரே கொள்ளளவிலும் ஒரே கீழ் எல்லையிலும் துளையிட்ட பெட்டியின் திறன் மூடியதைவிட 3 டெசிபெல் வரை கூடுதலாக இருக்கமுடியும் என்று ஸ்மால் காட்டியிருந்தார். ஆம்ப்ளிஃபையரின் ஆற்றலை இரட்டிப்பாக்கியதற்கு இது சமம், மின்கலத்தோடு போராடிய தொழிலுக்கு இது சிறிய பேறு அன்று. மற்றொன்று இசை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 என்ற மின் தாளக்கருவியின் அடித்தாளம், தோல்வாத்தியத்தின் அடியைப் போல் உடனே அடங்காமல், 50 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே சுரத்தில் நீண்டு ஒலிக்கக்கூடியது. அதை அடிப்படையாகக் கொண்டு 1980களின் நடுவில் ஃபுளோரிடாவில் வளர்ந்த மயாமி பாஸ் இசையும், 1990களின் தொடக்கத்தில் கார்களுக்கென்றே வெளியிடப்பட்ட மந்தர ஒலிப்பதிவுகளும், துளையிட்ட பெட்டி எதில் வல்லதோ அதையே கேட்டன. வீட்டில் குறையாகக் கருதப்பட்ட மேடு, காரில் விரும்பிச் செய்யும் அழகாயிற்று. இதைப் பொறியியலின் வீழ்ச்சி என்று பழிப்பது பொருந்தாது. கேட்பவர் நாடும் ஒலிக்கேற்பக் கணக்கைத் திருப்புவதும் வடிவமைப்பே. அதே 1980களில் வந்த காம்பாக்ட் டிஸ்க், நாடாவின் இரைச்சல் இல்லாமல் 20 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஒலியைக் காருக்குள் கொண்டுவந்தது.

பெட்டி செய்யும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால், கணக்கும் கைவேலையும் எங்கே மோதுகின்றன என்பது விளங்கும். வெளியளவு 60, 36, 35 சென்டிமீட்டர் கொண்ட ஒரு பெட்டியின் வெளிக்கொள்ளளவு 75.6 லிட்டர். மர இழைகளைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையை 18 மில்லிமீட்டர் தடிமனில் பயன்படுத்தினால், உள்ளளவு 56.4, 32.4, 31.4 சென்டிமீட்டராகக் குறுகி, கொள்ளளவு 57.4 லிட்டராகிறது. ஒலிபெருக்கியின் காந்தமும் சட்டமும் 3 லிட்டர், குழாய் 3 லிட்டர், உட்பலகைகள் அதிராமலிருக்க வைக்கும் குறுக்குத் தாங்கிகள் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று கழித்தால், உண்மையில் வேலை செய்யும் காற்று 50 லிட்டர் மட்டுமே. வெளியே தெரிவதில் மூன்றிலொரு பங்கு கணக்கிலேயே மறைந்துவிடுகிறது. இந்தக் கழிவை மறந்து அறுக்கப்பட்ட பெட்டியின் சுருதி எண்ணியதைவிட ஏறியே நிற்கும்.

அந்த 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்க, 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் போடுவதானால் 16 சென்டிமீட்டர் நீளம் போதும். 10 சென்டிமீட்டர் விட்டமானால் 31 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் விட்டமானால் 75 சென்டிமீட்டருக்கும் மேல். சிறிய குழாயே வசதியானது என்று தோன்றும். ஆனால் பெரிய கூம்பு தள்ளும் காற்று முழுவதும் அந்தச் சிறு வாயில் புகுந்து வெளியேறும்போது அதன் வேகம் கூடி, சீறலும் புஸ்ஸென்ற இரைச்சலும் பாட்டோடு கலந்துவிடுகின்றன. காற்றின் வேகம் ஒலியின் வேகத்தில் 5 விழுக்காட்டுக்குள், அதாவது நொடிக்கு 17 மீட்டருக்குள் நிற்கவேண்டும் என்ற ஸ்மாலின் பரிந்துரை இதற்காகத்தான். பெரிய குழாயோ அந்தப் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அடங்காது. கார்ப் பெட்டிகளில் வட்டக் குழாய்க்குப் பதில் பெட்டியின் சுவரையே ஒரு பக்கமாகக் கொண்டு, பலகையால் இடைச்சுவர் எழுப்பி, மூலையில் மடித்துக் கொண்டுசெல்லும் நீண்ட செவ்வகத் துளை பெருகியது இந்த நெருக்கடியால். அதுவும் இலவசமாக வருவதில்லை: 15 சென்டிமீட்டர் குழாய்க்குச் சமமான பரப்புள்ள அந்த வழி, தனக்கென்று 13 லிட்டருக்கும் மேல் காற்றை விழுங்கிவிடுவதால், பெட்டியைப் பெரிதாக்கி மறுபடியும் கணக்கிடவேண்டும்.

ஜே. அன்டன் ஹாஃப்மன் என்ற அமெரிக்கர் பெயரால் வழங்கும் விதியொன்று இந்த நெருக்கடியைச் சுருங்கச் சொல்கிறது: பெட்டியின் சிறுமை, மந்தரத்தின் ஆழம், ஒலியின் திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறமுடியும். திறனை விட்டுக்கொடுக்காமல் கீழ் எல்லையைப் பாதியாக்க விரும்பினால் பெட்டி 8 மடங்கு பெரிதாகவேண்டும். டிக்கியின் இடத்தை நீட்டமுடியாத கார் தொழிலில், ஆம்ப்ளிஃபையரின் ஆற்றலும் கம்பிச்சுருளின் தாங்கும் வலிமையும் ஆண்டுக்காண்டு பெருகியதற்கு இந்த விதியே காரணம். திறனைக் கைவிட்டு, அதை மின்சாரத்தால் ஈடுசெய்தார்கள்.

துளையிட்ட பெட்டிக்கென்றே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. துளையின் சுருதியில் கூம்பின் ஆட்டம் மிகக் குறைந்து, ஒலியில் பெரும்பங்கு குழாயிலிருந்தே வருகிறது. அந்தச் சுருதிக்குக் கீழே போனதும் பெட்டிக் காற்று கூம்பைத் தாங்கும் பிடியை இழந்துவிட, கூம்பு கட்டுக்கடங்காமல் ஆடிக் கம்பிச்சுருள் காந்தத்தின் அடித்தகட்டில் மோதுகிறது. மூடிய பெட்டியில் இந்த நிலை இவ்வளவு எளிதில் நேராது. கார் ஆம்ப்ளிஃபையர்களில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சப்சானிக் வடிகட்டி பரவலாக இடம்பெற்றது, துளையிட்ட பெட்டிகளின் ஒலிபெருக்கிகளைக் காப்பதற்காகத்தான்.

1980களில் தொடங்கிய கார் ஒலிப் போட்டிகள் இந்தக் கைவேலையை இரு கிளைகளாகப் பிரித்தன. 1989இல் அமைந்த இயாஸ்கா என்ற அமைப்பு ஒலியின் தரத்துக்கும் பொருத்தும் வேலையின் நேர்த்திக்கும் மதிப்பெண் வழங்கியது. வெய்ன் ஹாரிஸ் தொடங்கிய டிபி டிராக் ரேசிங் என்ற போட்டியிலோ, கதவுகளை மூடிய வண்டிக்குள் அளவுக்கருவி காட்டும் ஒலியழுத்தம் ஒன்றே வெற்றியை முடிவுசெய்தது. அங்கே பெட்டி ஒற்றைச் சுரத்துக்கென்றே சுருதி சேர்க்கப்பட்டது, கதவுகளும் கண்ணாடிகளும் நெளிந்து அழுத்தத்தை வீணாக்காமல் இருக்கக் கட்டுமானத்தையே மாற்றினார்கள், மனிதர் எவரும் உள்ளே இருக்கமுடியாத 170 டெசிபெல்லுக்கும் மேற்பட்ட அளவுகள் பதிவாயின. இசை என்று சொல்ல அதில் எதுவும் எஞ்சவில்லை. ஆயினும் குழாய் வாயில் காற்றின் நடத்தை, பலகையின் விறைப்பு, கூடத்தின் அழுத்தம் பற்றிய நடைமுறை அறிவு அந்தப் போட்டிக் களங்களில் மிகுதியாகச் சேர்ந்தது. ஹாரிஸ் உருவாக்கிய டெர்ம்-புரோ போன்ற கணினி நிரல்கள், தீல்-ஸ்மால் எண்களை உள்ளிட்டால் பெட்டியின் அளவையும் துளையின் நீளத்தையும் உடனே தரும் வசதியை எல்லோருக்கும் உரியதாக்கின.

தெருவில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வளர்ச்சி வேறாகத் தெரிந்தது. மந்தர ஒலி கண்ணாடியாலும் சுவராலும் எளிதில் தடுக்கப்படாது என்பதால், பாட்டு காருக்குள்ளே அடங்கினாலும் அதன் அடித்தாளம் அண்டை வீட்டுக் கூடத்தில் கேட்டது. உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் அது உண்மையான துன்பம். கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் வண்டியின் ஒலி 50 அடிக்கு அப்பால் கேட்கக்கூடாதென்று விதித்தது. ஃபுளோரிடாவின் சட்டம் அந்தத் தொலைவை 25 அடியாகக் குறுக்கியது. ஆனால் வணிக விளம்பரத்துக்கும் அரசியல் பரப்புரைக்கும் அது விலக்களித்திருந்ததைக் காரணம் காட்டி, பேச்சுரிமைக்கு முரணானதென்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2012 டிசம்பரில் அதைத் தள்ளிவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் 2022இல் 25 அடி விதி திருத்தத்தோடு மறுபடியும் நடைமுறைக்கு வந்தது. மயாமி பாஸ் பிறந்த மாநிலத்திலேயே இந்த வழக்கு இத்தனை காலம் நடந்ததற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

கோட்பாட்டை வகுத்தவர்களுள் ஒருவர் பின்னாளில் வாகனத் தொழிலுக்கே வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் கேஇஎஃப் நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஸ்மால், 1990களில் அமெரிக்காவுக்குத் திரும்பி, ஹார்மன் குழுமத்தில் கார்களுக்கான ஒலியமைப்புகளை உருவாக்கும் பிரிவில் மூத்த பொறியாளராகப் பணியாற்றினார். கார் உற்பத்தியாளர்களே ஒலியமைப்பை வண்டியோடு சேர்த்து வடிவமைக்கும் முறை 1980களில் போஸ் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் கைகோத்தபோது தொடங்கி, இன்று வழக்கமாகிவிட்டது. எடையையும் இடத்தையும் மிச்சம்பிடிக்க உதிரிச் சக்கரக் குழியிலும் வண்டியின் உடற்கூட்டிலும் பெட்டி அடங்கிவிடுகிறது.

தனிப் பட்டறைகளில் வேலை இன்னும் பழைய வரிசையில்தான் நடக்கிறது. கணினி தரும் குழாய் நீளம் இறுதியானதன்று. குழாயின் இரு வாய்களுக்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடுவதால் அதன் செயல்நீளம் கண்ணுக்குத் தெரியும் நீளத்தைவிடக் கூடுதல், அந்தக் கூடுதலோ குழாயின் வாய் சுவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஆகவே தேர்ந்த பெட்டிக்காரர் குழாயைக் கணக்கைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாகவே விட்டு, பெட்டியை மூடியபின் ஒலிபெருக்கியோடு ஒரு மின்தடையைத் தொடராக இணைத்து, அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றி மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்கிறார். துளையிட்ட பெட்டியில் ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பு இரண்டு இடங்களில் உச்சம் தொட்டு நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கும். அந்தப் பள்ளம் விழும் அதிர்வெண்ணே பெட்டியின் உண்மையான சுருதி. 35க்குப் பதில் 33இல் பள்ளம் தெரிந்தால் குழாயின் நுனியில் சிறிது அறுத்துவிட்டு மறுபடியும் அளக்கிறார். அறுத்துக் குறைப்பது எளிது, ஒட்டி நீட்டுவது கடினம்.